பாதி விலை

உங்கள் வீட்டின் பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். குசினியை நீட்டிக் கட்டியபோது மிஞ்சிய செங்கல், ஓரம் உடைந்த தரை ஓடு ஒரு பெட்டி, துருப்பிடித்த கம்பி இரண்டு, வளைந்துபோன பலகை ஒன்று... இவற்றில் ஏதாவது கட்டாயம் அங்கே கிடக்கும். "என்றைக்காவது உதவும்" என்று நீங்கள் எடுத்து வைத்திருப்பீர்கள். "விற்றாலும் நாலு காசு வரும்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்.

அந்த நாலு காசு எவ்வளவு? அதை எப்படிக் கணக்கிடுவது? விடை தெரியாமல் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், படிக்கும் உங்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் இருக்கிறோம். என் கணவர் லோரி ஓட்டுகிறார். 2021 மே மாதத்தில், பல வருடச் சேமிப்பை எடுத்துக் குசினியை நீட்டிக் கட்டத் தொடங்கினோம். சாமான்கள் வந்து இறங்கின. சுவர் பாதி எழும்பியது. ஜூன் முதல் தேதி நாடு முழுவதும் முடக்கம் வந்தது. கொத்தனார் வரவில்லை. என் கணவருக்கும் ஓட்டம் குறைந்தது. சுவருக்கென்று வைத்திருந்த பணம் அரிசிக்கும் பருப்புக்கும் போயிற்று. மிஞ்சிய சாமான்கள் அப்படியே பின்புறத்தில் தங்கிவிட்டன.

அந்த வருடம் டிசம்பர் 18-ஆம் தேதி எங்கள் வட்டாரத்தில் வெள்ளம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் ஏறத் தொடங்கியபோது என் கணவர் முதலில் தூக்கியது என்ன தெரியுமா? சிமெண்டு மூட்டைகளை! மூன்று மூட்டைகளை மாடிப்படியில் கொண்டுபோய் வைத்தார். நான்காவதைத் தூக்குவதற்குள் குளிர்பெட்டி சாய்ந்துவிட்டது. என்றாவது ஒருநாள் அந்தச் சுவரைக் கட்டி முடித்துவிடலாம் என்ற ஆசை அவருக்கு.

வெள்ளம் வடிந்தது. சேறு அள்ளி முடித்தோம். துணி துவைக்கும் இயந்திரம் குப்பையோடு போனது. நான்கு பேர் துணியையும் கையால் துவைத்துத் துவைத்து என் விரல்கள் புண்ணாகிவிட்டன. ஒருநாள் என் மகளைக் கூப்பிட்டு, "பின்னால் கிடக்கிற சாமானையெல்லாம் ஒரு பட்டியல் எழுது. விற்று ஒரு பழைய இயந்திரமாவது வாங்கிவிடலாம்" என்றேன்.

அவள் எழுதினாள். சிமெண்டு 7 மூட்டை, செங்கல் 400, தரை ஓடு 9 பெட்டி, 12 அடி மெராந்திச் சட்டம் 10, பிளைவுட் 3, 20 அடி கம்பி 12, தகரம் 5.

"என்ன விலை போடுவது அம்மா?" என்று கேட்டாள்.

"எல்லாம் வெள்ளத்தில் கிடந்தது. பாதி விலை போடு" என்றேன். அதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. நனைந்த சிமெண்டுக்கு மட்டும் 3 வெள்ளி போட்டோம். மொத்தம் 667 வெள்ளி வந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாளே முதல் விற்பனை நடந்துவிட்டது. பின் வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். தோட்டத்திலிருந்து வந்தவர், கணவர் இல்லை. மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார். "தங்கச்சி, சிமெண்டு இருக்காமே, மூணு மூட்டை கிடைக்குமா?" என்று வந்து கேட்டார். மாடிப்படியில் இருந்த மூன்றையும் காட்டினேன். தாள் உலர்ந்து, புதிது போலவே இருந்தது. கடையில் ஒரு மூட்டை 20 வெள்ளி. நான் 10 வெள்ளிக்குக் கொடுத்தேன். அக்கா மகிழ்ந்துபோய் 30 வெள்ளியை என் கையில் வைத்தார். நல்லது செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நான்கு நாள் கழித்துக் கிள்ளானிலிருந்து என் சித்தப்பா வந்தார். வெள்ளத்துக்குப் பிறகு எங்களைப் பார்க்க வந்தவர், பட்டியலைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார். சித்தப்பாவுக்கு 78 வயது. தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். எங்கள் லயத்தை இடித்தபோது, எல்லாரும் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்க, அவர் மட்டும் செங்கால் மரத் தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர். ஒரு கன அடி செங்கால் ஏறத்தாழ 60 பவுண்டு கனம். தண்ணீரே 62 பவுண்டுதான். அந்தத் தூண்கள் இன்னும் அவர் வீட்டு முன்கூரையைத் தாங்கி நிற்கின்றன.

"யாரும்மா எல்லாத்துக்கும் பாதி விலை போட்டது?" என்றார்.

"நான்தான் சித்தப்பா."

"பாதி விலைன்னு ஒரு விலையே கிடையாதும்மா. அது யோசிக்காதவங்க சொல்ற எண்ணு. நல்ல சாமானுக்கு நீயே நஷ்டப்படுவே. செத்த சாமானுக்கு வாங்குறவன் நஷ்டப்படுவான். வா, ஒண்ணொண்ணாப் பார்ப்போம்."

அன்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

முதலில் செங்கல். சேறு பூசி அலங்கோலமாகக் கிடந்ததால், மிக மோசமான சாமான் அதுதான் என்று நினைத்திருந்தேன். சித்தப்பா இரண்டு கற்களைக் கழுவச் சொன்னார். ஒன்றோடொன்றைத் தட்டினார். "நீ கேளு, எனக்குக் காது மந்தம்" என்றார். 'கணீர்' என்று சத்தம் வந்தது. "அப்படின்னா நல்லா வெந்த கல். மணி மாதிரி கேட்டா உயிர் இருக்கு. 'பொத்'துன்னு கேட்டா விரிசல், இல்லேன்னா வேகாத கல்." நகத்தால் கீறச் சொன்னார், கோடு விழவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டார், உடையவில்லை. சூளையின் கடும் நெருப்பில் வெந்த கல்லை வெள்ளம் என்ன செய்யும்? கழுவிக் காயவைத்தால் போதும். 370 கல் தேறியது. மூலை உடைந்த 30-ஐத் தனியே வைத்தோம். புதுக்கல் 50 காசு. நான் போட்டது 25 காசு. சித்தப்பா 40 காசு போட்டார்! குறைத்த 10 காசு, வாங்குபவர் வண்டி பிடித்து ஏற்றிப்போகிற கூலிக்கு.

இதை நன்றாக நினைவில் வையுங்கள். புதுச் சாமானைக் கடைக்காரர் வீட்டு வாசலில் இறக்கிக் கொடுப்பார். நம்மிடம் வாங்குபவர் தாமே ஏற்ற வேண்டும், கழுவ வேண்டும், வெட்ட வேண்டும். அந்தக் கூலியை விலையிலிருந்து நாமே கழித்துவிட வேண்டும். அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்தது தரை ஓடு. பெட்டிகள் நனைந்து கூழாகியிருந்தன. ஓடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 99 ஓட்டில் 17 ஓரம் உடைந்தவை. மிச்சம் 82. "82-ஐயும் ஒரே விலைக்குப் போடலாமா?" என்று கேட்டேன். "பெட்டியில இருந்த சாய எண்ணைப் பார்த்தியா?" என்றார். நல்லவேளை, அட்டையில் எழுத்து அழியவில்லை. 55 ஓடு ஒரு எண், 27 ஓடு வேறு எண். வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று சற்று மஞ்சள். ஒரே அறையில் போட்டால் தையல் போட்ட துணிபோல் தெரியும்.

இங்கேதான் கணக்கு. 30 சென்டிமீட்டர் ஓடு, ஒரு சதுர மீட்டருக்கு 11 வேண்டும். 55 ஓடு என்றால் 5 சதுர மீட்டர். வெட்டில் வீணாவது போக ஒரு சின்னக் குளியலறைக்குப் போதும். ஆகவே அதற்கு விலை உண்டு: 5 பெட்டி, பெட்டிக்கு 18 வெள்ளி. 27 ஓடு எந்த அறைக்கும் காணாது. வாசற்படிக்கோ துணி துவைக்கும் மேடைக்கோ ஆகலாம். அதற்கு மொத்தமாக 20 வெள்ளி. பார்த்தீர்களா? இரண்டிலும் ஓடு நல்ல ஓடுதான். ஒரு வேலையை முடிக்கப் போதுமா, போதாதா என்பதுதான் விலையை நிர்ணயிக்கிறது.

மரச் சட்டங்களை எடுத்தோம். ஒவ்வொன்றின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் மறு முனையைப் பார்க்கச் சொன்னார். வளைவும் முறுக்கும் அப்படியே தெரிந்தன. திருப்புளியால் ஆங்காங்கே குத்தினார். நல்ல மரம் எதிர்க்கிறது. உளுத்த மரம் உள்ளே விடுகிறது. மாவுபோல் தூள் உதிர்ந்தால் வண்டு; சுரங்கம்போல் மண் தெரிந்தால் கறையான். ஆறு சட்டம் நேராக இருந்தன. அவற்றை வெயிலில் போடாமல், நிழலில், இடையிடையே சிறு கட்டை கொடுத்து அடுக்கி உலர்த்தினோம். அவை 15 வெள்ளி வீதம். மற்ற நான்கும் முறுக்கிக்கொண்டவை. அவற்றில் நேரான 4 அடியை மட்டும் வெட்டி எடுத்து 3 வெள்ளி வீதம். 12 அடி மரத்துக்கு 12 அடி விலை கேட்கக் கூடாது. பயன்படுகிற அடிக்கு மட்டும் கேட்க வேண்டும்.

பிளைவுட் மூன்றும் வெளியில் பார்க்க அழகாகவே இருந்தன. சித்தப்பா ஓரத்தில் கத்தியைச் செருகினார். அப்பளம்போல் அடுக்கடுக்காகப் பிரிந்தது. "பசை போச்சு. இதுக்கு விலை இல்லை" என்றார். என் பட்டியலில் 75 வெள்ளி போட்டிருந்தேன்!

கம்பியில் துரு. "துருன்னா பயப்படாதே. கம்பித் தூரிகையால தேய்ச்சுப் பார். பழுப்புத் தூள் போய், அடியில வழவழன்னு இருந்தா ஒண்ணும் கெட்டுப் போகலே. செதில் செதிலா உரிஞ்சு குழி விழுந்திருந்தாத்தான் ஆபத்து." கண்ணை நம்பாமல் நிறுத்தும் பார்த்தோம். 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 888 கிராம் இருக்க வேண்டும். நான் ரொட்டிமாவு நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தேன். நல்ல கம்பியில் வெட்டிய துண்டு 880-க்கு மேல் காட்டியது. குழி விழுந்ததில் வெட்டியது 790. காணாமல்போன இரும்பு எங்கே? துருவாகக் கொட்டிவிட்டது! எட்டுக் கம்பி 12 வெள்ளி வீதம். நான்கு கம்பியைப் பழைய இரும்புக் கடைக்கே கொடுத்தோம். 18 வெள்ளி கிடைத்தது.

தகரத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தோம். நட்சத்திரம் தெரிந்தால் ஓட்டை. மூன்றில் தெரியவில்லை, 15 வெள்ளி வீதம். இரண்டைக் கோழிக்கூண்டுக்கு இலவசமாகவே கொடுத்தேன்.

ஒரே ஒரு சாமானில் மட்டும் நான் சித்தப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பழைய குசினிக் கூரையிலிருந்து கழற்றிய சாம்பல் நிறத் தகடு ஒன்று சுவரோரம் கிடந்தது. அஸ்பெஸ்டாஸ். அவர் அதை உடைக்கச் சுத்தியலை எடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துக் கொல்லும் நோயைத் தரக்கூடியது. நம் நாட்டில் அதைக் கையாளும் தொழிலுக்கென்று 1986-ஆம் ஆண்டிலேயே விதிமுறைகள் போட்டார்கள். அதை அறுக்கவோ, உடைக்கவோ, யாருக்கும் விற்கவோ கூடாது. "அந்தக் காலத்துல எத்தனை தகடு அறுத்திருப்பேன்" என்று அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

கடைசியாகச் சிமெண்டு. தரையில் கிடந்த நான்கும் கல்லாகிவிட்டன. "இதை உடைச்சுப் பொடியாக்கிச் சலிச்சா?" என்று கேட்டேன். "வெந்த சோத்தைக் காயவெச்சு மாவாக்கினா அது பச்சரிசி மாவாகுமா?" என்றார். தண்ணீரோடு ஒருமுறை சேர்ந்துவிட்ட சிமெண்டுக்கு மறுபடி பிடிப்பு வராது.

"பட்டியல்ல 7 மூட்டை இருக்கு. இங்கே நாலுதானே?"

"மூணு நனையலே சித்தப்பா. வித்துட்டேன்."

"எப்ப வாங்கினது?"

"மே மாசம்."

அவர் விரல்விட்டு எண்ணினார். எட்டு மாதம்! மூட்டை உலர்ந்திருந்தாலும், நம் ஊர்க் காற்றின் ஈரமே அதற்குப் போதும். மூன்று மாதத்திலேயே சிமெண்டின் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது கட்டடக்காரர்களின் கணக்கு. ஆறு மாதத்துக்குமேல் இன்னும் மோசம். மூட்டைக்குள் கையை விட்டால் மாவுபோல் குளிர்ச்சியாக, கட்டியில்லாமல் இருக்க வேண்டும். விரலால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால், பாரம் தாங்கும் வேலைக்கு அதைத் தொடவே கூடாது. நான் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்கு வாங்கினாங்க?" என்று கேட்டார் சித்தப்பா.

நான் அதைக் கேட்டிருந்தேன். கேட்டும் யோசிக்கவில்லை. "குளியலறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி வைக்க மேடை கட்டணும்னு சொன்னாங்க."

"எத்தனை காலன்?"

"நூறு."

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். நூறு காலன் தண்ணீர் ஏறத்தாழ 450 கிலோ. ஓர் எருமை மாட்டைத் தலைக்கு மேல் ஏற்றி வைப்பதற்குச் சமம். அதன் கீழேதான் அந்த இரண்டு பிள்ளைகளும் குளிக்கும்.

நாங்கள் போனபோது மேடைக்குத் தளம் ஊற்றி மூன்று நாளாகியிருந்தது. தொட்டி இன்னும் ஏறவில்லை. மறுநாள் ஏற்றுவதாக இருந்தார்களாம். சித்தப்பா ஓர் ஆணியை எடுத்துத் தளத்தின் ஓரத்தில் கீறினார். புட்டுப்போல் உதிர்ந்தது. மருமகன் முகம் வெளுத்துவிட்டது. நான் அக்காவைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

"அக்கா, தப்பு என்மேல்தான். பழைய சிமெண்டுன்னு தெரியாமக் கொடுத்துட்டேன்" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் அந்த மேடையையே பார்த்தார். "மலிவாக் கொடுத்தியேன்னு நாலு வீட்டுல உன்னைப் பெருமையாச் சொன்னேன் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலையே அந்தத் தளத்தை உடைத்தார்கள். நான் 30 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். கடையில் 40 வெள்ளிக்கு இரண்டு மூட்டை புதுச் சிமெண்டும் வாங்கிக் கொடுத்தேன். அக்கா மறுத்தார். பிறகு, "சரி, இது உன் தப்புக்கு. என்கிட்ட செங்கல் பத்தலே. அதுக்கு நான் காசு கொடுத்துத்தான் வாங்குவேன்" என்று சொல்லி, 60 கல்லுக்கு 24 வெள்ளியை எண்ணி வைத்தார். அந்தக் கற்கள் ஒவ்வொன்றையும் நானே தட்டிக் கேட்டுக் கொடுத்தேன்.

சித்தப்பா போட்ட விலையில் எல்லாம் விற்று முடிந்தபோது 519 வெள்ளி வந்தது. என் பட்டியலைவிட 148 வெள்ளி குறைவு. அக்காவுக்கு வாங்கிய சிமெண்டுக்கு 40 வெள்ளி போக, 479. ஆனால் வாங்கிப் போன ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொல்லவில்லை. செங்கல் வாங்கியவர் தம் அண்ணனையும் அழைத்து வந்தார்.

வாசகர்களே, நீங்களும் ஒருநாள் மிஞ்சிய சாமானை விற்க நேரலாம். அல்லது வாங்க நேரலாம். சித்தப்பா எனக்குச் சொன்ன ஒரு பேச்சை மறந்துவிடாதீர்கள்: "சாமான் எப்படி இருக்குன்னு மட்டும் பார்க்காதே; அது எதைத் தாங்கப் போகுதுன்னு கேளு." மூடுவதற்கு, மறைப்பதற்கு, தரையில் பரப்புவதற்கு என்றால் அடிபட்ட சாமானுக்கும் ஒரு விலை உண்டு. மனிதர் தலைக்கு மேல் பாரம் தாங்குவதற்கு என்றால், சந்தேகமுள்ள சாமானுக்கு விலையே இல்லை. பாதியும் இல்லை, கால்வாசியும் இல்லை. சும்மா கொடுத்தாலும் அது விலை அதிகம்தான். குறையை அறிந்தவர் விற்பவர்; ஆகவே முதலில் கேட்க வேண்டியவரும் அவரே.

இயந்திரம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கிள்ளானில் பழைய சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். பளபளவென்று துடைத்து வைத்த இயந்திரங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் பாதி விலை! நான் கடைக்காரரிடம், "இதில் எதெது வெள்ளத்தில் நின்றது?" என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓரத்தில், வெளிப்புறம் கீறல் விழுந்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் நின்ற ஒன்றைக் காட்டி, "அதுல தண்ணி ஏறலேம்மா, விலை கொஞ்சம் கூட" என்றார்.

அதைத்தான் வாங்கினேன். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.